அறிதுயில் கண்ட பாதிரியார்

ஹிப்னாடிசம் என்பதற்குத் தமிழில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று மனவசியம், மற்றொன்று அறிதுயில். முதற்சொல்லை மேடை வித்தைக்காரர்களின் சுவரொட்டிகளில் பார்த்திருக்கிறோம். இரண்டாவது, பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலின் உறக்கத்தைக் குறிக்கும் பழஞ்சொல். உறங்குவதுபோல் தோன்றினாலும் அனைத்தையும் அறிந்தபடியே இருக்கும் நிலை அது. திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாளைத் தரிசித்துத் திரும்பியவர்களுக்கு அச்சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே பொருளில் நாம் பயன்படுத்தி வந்தாலும், அவற்றுக்கு இடையே உள்ள தூரம் பெரிது. வசியத்தில் ஆற்றல் வசியம் செய்கிறவரிடம் இருக்கிறது. அறிதுயிலில் அது துயில்கிறவரிடமே இருக்கிறது.

இந்த வேறுபாட்டை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்னவர் ஓர் இந்தியர். கோவாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். பாரிஸ் நகரில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களைத் துயிலில் ஆழ்த்திக் காட்டியவர். ஜோசே குஸ்தோதியோ தெ ஃபரியா என்பது அவரது பெயர். அபே ஃபரியா என்றால்தான் உலகுக்குத் தெரியும். அபே என்பது பிரெஞ்சு மொழியில் பாதிரியாரைக் குறிக்கும் மரியாதைச் சொல்.

நான் வசிக்கும் புதுக்கடை, தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்குச் செல்லும் வழியில் உள்ள ஊர். இந்த விளவங்கோடு வட்டாரம் வர்ம ஆசான்களுக்குப் பெயர்பெற்றது. இங்கே வைத்தியம் என்பது இன்றும் மருந்தைவிட ஆளைச் சார்ந்தது. ஒருவருக்குக் கைராசி உண்டு என்று பெயர் வந்துவிட்டால் போதும், அவர் கொடுக்கும் தைலத்தின் சேர்மானம் என்ன என்று எவரும் கேட்பதில்லை. நவீன மருத்துவம் படித்தவர்களையும் எங்கள் மக்கள் இதே அளவுகோலால்தான் அளக்கிறார்கள். ஒரே மாத்திரையை எழுதித் தரும் இருவரில் கைராசிக்காரரின் வாசலில்தான் செருப்புகள் குவிகின்றன.

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். திருவனந்தபுரத்தில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணி. அதை விட்டுவிட்டு ஹிப்னோதெரபிஸ்ட் ஆகப்போவதாகவும், வாரக்கடைசிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர ஓராண்டுச் சேமிப்பைக் கட்டப்போவதாகவும், பொருளாதாரம் கற்பித்தவன் என்கிற முறையில் என் கருத்து வேண்டும் என்றும் கேட்டார். மன அழுத்தம் பெருகிவரும் காலத்தில் இந்தச் சேவைக்குத் தேவை இருக்கிறதா, வருமானம் எப்படி இருக்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டு அவரை அனுப்பியிருக்கலாம். எனக்கோ ஃபரியாவின் வாழ்க்கைதான் நினைவுக்கு வந்தது. இத்தொழிலைச் சந்தையில் வைத்து நடத்திய இந்தியர்களில் அவருக்கு முந்தியவர் எவரையும் நான் அறியேன். அந்தச் சந்தை அவரை என்ன செய்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒருவர் இத்தொழிலுக்குள் நுழைவது நல்லதல்ல என்று தோன்றியது.

கோவா எங்கள் பகுதியினருக்கு அந்நிய ஊர் அல்ல. கோட்டாற்றில் சவேரியார் திருவிழா நடக்கும் மாவட்டம் இது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பழைய கோவாவில் அவரது உடல் பொதுமக்கள் வணக்கத்துக்கு வைக்கப்படும்போது, இங்கிருந்து ரயிலிலும் பேருந்திலும் மக்கள் கூட்டமாகச் செல்வார்கள். அந்தப் பழைய கோவாவுக்கு மாண்டவி ஆற்றின் மறுகரையில், பார்தேஸ் பகுதியைச் சேர்ந்த கண்டோலிம் என்னும் ஊரில் 1756 மே 31 அன்று ஃபரியா பிறந்தார். கிறிஸ்தவம் தழுவிய சாரஸ்வத பிராமணக் குடும்பம். தந்தை கயேத்தானோ விட்டோரினோ. தாய் ரோசா மரியா.

அவர்களது குடும்பக் கதை வினோதமானது. தந்தை மணம் முடிப்பதற்கு முன்பே குருத்துவப் படிப்பைத் தொடங்கி, இடையில் விட்டவர். மகன் சிறுவனாக இருந்தபோதே கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரிந்தனர். தந்தை விட்ட படிப்பைத் தொடர்ந்து குருவானார். தாய் பழைய கோவாவின் புனித மோனிக்கா மடத்தில் துறவியாகச் சேர்ந்தார். தந்தை பாதிரியார், தாய் கன்னியாஸ்திரீ. இந்த நிலையில் மகனுக்கு எஞ்சியிருந்த வழி எது என்பதை ஊகிப்பது கடினமல்ல.

1771 பிப்ரவரியில் தந்தையும் பதினைந்து வயது நிறையாத மகனும் லிஸ்பனுக்குக் கப்பலேறினர். ஒன்பது மாதப் பயணம். போர்ச்சுகல் அரசவையில் செல்வாக்கைத் தேடிக்கொள்வதில் தந்தை கெட்டிக்காரர். மறு ஆண்டே மகனை ரோம் நகருக்கு அனுப்பிவைத்தார். அங்கே ஃபரியா இறையியல் பயின்றார். 1780-இல் குருப்பட்டம் பெற்றார். முனைவர் பட்ட ஆய்வேட்டைப் போர்ச்சுகல் அரசி முதலாம் மரியாவுக்குக் காணிக்கையாக்கினார். சிஸ்டைன் சிற்றாலயத்தில் போப்பாண்டவர் முன்னிலையில் மறையுரை ஆற்றும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. குடியேற்ற நாடொன்றில் இருந்து வந்த கருநிற இளைஞருக்கு இது சிறிய ஏற்றமல்ல.

லிஸ்பன் திரும்பிய பிறகு நடந்ததாகக் கோவாவில் இன்றும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. அரசியின் அரண்மனைத் தேவாலயத்தில் பிரசங்கம் செய்ய மேடை ஏறியவர், எதிரே பட்டாடையும் பதக்கங்களுமாக அமர்ந்திருந்த பிரபுக்களைக் கண்டு நாவு எழாமல் நின்றுவிட்டார். மேடைக்குக் கீழே இருந்த தந்தை, கொங்கணி மொழியில் மெல்லிய குரலில், எதிரே இருப்பவை எல்லாம் வெறும் காய்கறி, வெட்டித் தள்ளு என்று சொன்னாராம். மகனின் அச்சம் அந்தக் கணமே விலகியது. உரை தங்குதடையின்றி ஓடியது. நம் ஊர்ப் பேச்சுப் போட்டிகளில் ஆசிரியர்கள் மாணவர்களிடம் எதிரே இருப்பவர்களை மரங்களாக நினைத்துக்கொள்ளச் சொல்வதில்லையா, அதுபோலத்தான். கதை எவ்வளவு உண்மை என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரே ஒரு வாக்கியம் மனித உடலின் நடுக்கத்தை எப்படி நிறுத்திவிடுகிறது என்கிற கேள்வி ஃபரியாவை வாழ்நாள் முழுவதும் விடவில்லை என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் கருதுகின்றனர்.

1787-இல் கோவாவில் போர்ச்சுகீசிய ஆட்சியைக் கவிழ்க்க நடந்த முயற்சி வெளிப்பட்டது. பிண்டோ சதி என்று வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்வு அது. தகுதி இருந்தும் உயர் பதவிகள் ஐரோப்பியருக்கே போவதைக் கண்டு மனம் கசந்த உள்ளூர்க் குருக்கள் அதில் முன்னின்றனர். 47 பேர் கைதாயினர். அவர்களில் 17 பேர் குருக்கள். 15 பேர் தூக்கிலிடப்பட்டனர். லிஸ்பனில் இருந்த ஃபரியாக்களின் மீதும் சந்தேக நிழல் விழுந்தது. 1788-இல் மகன் பாரிஸுக்குச் சென்றுவிட்டார். பிறந்த மண்ணை அவர் பிறகு பார்க்கவே இல்லை.

அவர் சென்றடைந்த பாரிஸ், மெஸ்மரின் பாரிஸ். வியன்னாவில் இருந்து 1778-இல் அங்கே வந்த மருத்துவர் மெஸ்மர், பிரபஞ்சம் முழுவதும் ஒரு நுண்ணிய பாய்பொருள் நிறைந்திருக்கிறது, அதன் ஓட்டம் தடைப்படுவதே நோய் என்றார். அந்த ஓட்டத்தைத் தம் கைகளால் சீர்படுத்த முடியும் என்றும் சொன்னார். அதற்கு உயிர்க்காந்தம் என்று பெயர். பெரிய மரத்தொட்டியைச் சுற்றிச் சீமான்களும் சீமாட்டிகளும் இரும்புக் கம்பிகளைப் பிடித்தபடி அமர்ந்தனர். வலிப்பு வந்தவர்கள்போல் துடித்தனர். குணமானதாகச் சொல்லிக் காசை அள்ளிக் கொடுத்தனர். பதினாறாம் லூயி மன்னர் 1784-இல் ஒரு விசாரணைக் குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியல் மேதை லவாய்சியரும் அதில் இருந்தனர். கண்ணைக் கட்டிவிட்டு நடத்திய சோதனைகளில், காந்தம் ஏற்றாத மரத்தைத் தொட்டவர்களும் துடித்து விழுந்தனர். பாய்பொருள் என்று எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் விளைவு என்று குழு தீர்ப்பளித்தது.

அறிவியல் வரலாற்றில் மிக நேர்த்தியான ஆய்வுகளுள் ஒன்று அது. ஆனாலும் குழுவினர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. கற்பனைக்கு ஒரு மனிதனைத் துடிக்கவைக்கும் வலிமை இருக்குமானால், ஆராய வேண்டியது அந்தக் கற்பனையை அல்லவா? அதே ஆண்டில் புய்செகுர் என்னும் பிரபு, தம் பண்ணை ஆள் ஒருவரைக் காந்தமேற்ற முயன்றபோது, அவர் துடிக்காமல் அமைதியான உறக்கத்தில் ஆழ்ந்ததையும், உறங்கியபடியே தெளிவாகப் பேசியதையும் கண்டார். ஃபரியா இவரிடம் பெரிதும் கற்றுக்கொண்டார். இருப்பினும் புய்செகுரும் அந்த உறக்கத்துக்குக் காரணம் காந்தமேற்றுபவரின் மனவுறுதியே என்றுதான் நம்பினார். கைராசி என்பதன் பிரெஞ்சு வடிவம்.

புரட்சிக் காலத்தில் ஃபரியா சும்மா இருக்கவில்லை. 1795 அக்டோபரில் தேசிய மாநாட்டு அரசை எதிர்த்துப் பாரிஸில் எழுந்த கலகத்தில் ஒரு படைப்பிரிவை அவர் நடத்திச் சென்றார். மார்செய் துறைமுகத்துக்கு எதிரே உள்ள இஃப் தீவுக் கோட்டையில் அவர் சிறை வைக்கப்பட்டார் என்று பலரும் எழுதியிருக்கின்றனர். அதற்கு உறுதியான ஆவணம் இல்லை. அந்தச் சிறைக்கு உலகப் புகழ் தந்தது ஒரு நாவல். அலெக்சாந்தர் டூமா 1844-இல் எழுதத் தொடங்கிய 'மாண்டி கிறிஸ்டோ பிரபு'வில், சுவரைக் குடைந்து கதாநாயகனிடம் வந்து சேரும் கைதிப் பாதிரியாரின் பெயரும் ஃபரியாதான். ஆனால், அவரை இத்தாலியராக ஆக்கிவிட்டார் டூமா. நாவலைப் படித்த கோடிக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு அப்பெயர் ஒரு கோவாக்காரருடையது என்று தெரியும்?

இக்காலத்து ஃபரியாவைப் பற்றி எழுத்தாளர் ஷத்தோப்ரியான் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு கேலிச் சித்திரம் தீட்டியிருக்கிறார். ஒரு சீமாட்டியின் விருந்தில், காந்த ஆற்றலால் ஒரு கானரிப் பறவையைக் கொன்று காட்டுவதாக ஃபரியா பெருமை பேசினாராம். முயன்றும் பார்த்தாராம். பறவை அசையவில்லை, பாதிரியார்தான் களைத்து வெளியேற வேண்டியதாயிற்று. பிறரைச் சிரிக்கவைக்க எழுதியவர் கொஞ்சம் கூட்டியும் எழுதியிருக்கலாம். எனினும் ஒன்று புரிகிறது: அந்நாளில் ஃபரியாவும் தம் கையில் ஏதோ இருப்பதாகவே நம்பினார். பின்னாளில் அவர் எதை மறுத்தாரோ அதில் அவரே ஊறியிருந்தார். அந்த மறுப்புக்கு மதிப்புக் கூடுவது இதனால்தான்.

1811-இல் நீம் நகரில் தத்துவப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மார்செய் மருத்துவச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. மாதச் சம்பளமும் மரியாதையும் உள்ள அந்த வாழ்க்கையை விட்டு, 1813-இல், 57 வயதில் அவர் பாரிஸ் திரும்பினார். கிளிஷி தெருவில் 49-ஆம் எண் கட்டடத்தில் வாரந்தோறும் வியாழக்கிழமை வகுப்பு நடத்தத் தொடங்கினார். நுழைவுக் கட்டணம் ஐந்து பிராங்க். பாரிஸ் கூலித்தொழிலாளி ஒருவர் ஒரு நாளில் ஈட்டியதைவிட அதிகம். பட்டாடைக் கூட்டம்தான் வந்தது, பெரும்பாலும் பெண்கள்.

வகுப்பு ஒரு விளக்கவுரையுடன் தொடங்கும். பிரெஞ்சு மொழியை அவர் தடுமாற்றத்துடன் பேசினார் என்றும், உரை நீண்டு சலிப்பூட்டியது என்றும் குறை சொன்னவர்கள் உண்டு. (பேராசிரியர்களுக்கே உரிய வியாதி அது, அதில் எனக்கு அனுதாபம் அதிகம்.) உரை முடிந்ததும் வந்திருப்பவர்களில் சிலரை வசதியான நாற்காலியில் அமரச் சொல்வார். கண்களை மூடி, உறக்கத்தின் மீது மட்டும் கவனத்தைக் குவிக்கச் சொல்வார். அறை நிசப்தமாகும். சிறிது நேரம் கழித்து உறங்கு என்று உரத்த குரலில் கட்டளையிடுவார். பலித்தால் அமர்ந்திருப்பவர் உடலில் ஓர் அதிர்வு ஓடும், உடல் தளரும், ஆழ்ந்துவிடுவார். இல்லையென்றால் கட்டளை மறுமுறையும் மும்முறையும் ஒலிக்கும். அதற்கும் மசியாதவரை எழுந்து போகச் சொல்லிவிடுவார்.

தொட்டி இல்லை, கம்பி இல்லை, உடல்மீது கையை வருடும் சடங்கும் இல்லை. உறங்கியவரிடம் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்து வேறு பானம் என்று சொன்னால் அவருக்கு அந்தச் சுவையே தெரியும். கை செயலிழந்துவிட்டது என்றால் கை எழாது. சரியாகிவிட்டது என்றால் எழும். உறக்கத்தில் சொன்ன சொல் விழித்த பின்பும் வேலை செய்வதை அவர் கவனித்துக் குறித்துவைத்தார். இந்த நிலைக்கு அவர் வைத்த பிரெஞ்சுப் பெயரைத் தமிழில் அப்படியே சொல்வதானால் தெளிவுடைய உறக்கம். அதாவது, நம் அறிதுயில்.

இத்தனையும் காட்டிவிட்டு, கட்டணம் கொடுத்து வந்தவர்களிடம் அவர் சொன்னதுதான் விந்தை. தம்மிடம் எந்த ஆற்றலும் இல்லை என்றார். தம் கையில் இருந்தோ, கண்ணில் இருந்தோ, மனவுறுதியில் இருந்தோ எதுவும் புறப்பட்டு எவரையும் சென்றடைவதில்லை. காந்தமும் இல்லை, பாய்பொருளும் இல்லை, சாத்தானும் இல்லை. உறங்குகிறவரின் கவனமும் நம்பிக்கையும் இயல்புமே அந்த உறக்கத்தை உண்டாக்குகின்றன. தாம் அதற்கு ஒரு சாக்கு மட்டுமே. இயல்பு உள்ளவர் எவர் சொன்னாலும் உறங்குவார். இல்லாதவரை எவராலும் உறங்கவைக்க முடியாது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாம் அறிதுயிலில் ஆழ்த்தியதாகக் கணக்குச் சொன்ன ஒருவரின் முடிவு இது.

எல்லாவற்றையும் அவர் சரியாகச் சொல்லிவிடவில்லை. சிலர் எளிதில் உறங்குவதற்கு அவர்களது இரத்தம் நீர்த்திருப்பதே காரணம் என்று நம்பினார். இரத்தம் எடுக்கப்பட்டவர் விரைவில் வசப்படுவார் என்றும் கருதினார். அந்த உடலியல் இன்று செல்லாது. ஆன்மா பற்றிய அவரது விளக்கங்கள் இறையியல் மாணவரின் விளக்கங்கள். ஆனாலும் மையமான கூற்று நிலைத்துவிட்டது.

பொருளாதார மாணவனாகிய என்னை இந்தக் கட்டத்தில் வேறொன்று வியக்கவைக்கிறது. மருத்துவச் சேவையின் சந்தை மற்றச் சந்தைகளைப் போன்றதல்ல என்று கென்னத் ஆரோ 1963-இல் ஒரு கட்டுரையில் நிறுவினார். கத்தரிக்காய் வாங்குகிறவர் அமுக்கிப் பார்த்து வாங்கலாம். சிகிச்சை வாங்குகிறவரால் தரத்தை வாங்கும் முன் அறிய முடியாது. பல நேரங்களில் வாங்கிய பின்பும் அறிய முடியாது. எனவே அங்கே விலைக்குப் போவது பெருமளவு நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையைப் பெருக்க விற்பவர் தம்மைப் பற்றிய வியப்பைப் பெருக்குகிறார். ஆசானின் இரகசியம், மெஸ்மரின் தொட்டி, இன்றைய விளம்பரத்தின் கோட்டு அணிந்த புகைப்படம் எல்லாம் இந்த வகைதான். மனத்தைக் கையாளும் தொழிலில் இது இரட்டிப்பாகிறது. ஏனெனில், வியப்பே அங்கே பாதி மருந்து. ஃபரியா அந்த வியப்பைத் தம் வாயாலேயே கலைத்தார். ஐந்து பிராங்க் வாங்கிக்கொண்டு, இதற்கு நான் தேவையில்லை என்பதை விற்றார். தம் சரக்கின் விலையைத் தாமே வீழ்த்திய வணிகர் என்றுதான் பாடநூலில் எழுத வேண்டும்.

மாணவரிடம் நான் இதைத்தான் விரிவாகச் சொன்னேன். கூடவே சில நடைமுறைச் செய்திகளையும் நினைவூட்டினேன். அறிதுயில் போலி அல்ல. தகுதி பெற்ற மருத்துவரின் கையில் அது ஒரு கருவி என்பதைப் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955-லேயே ஏற்றது. நம் நாட்டில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய முறையான பட்டமும், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும் என்ற ஏற்பாடு இருந்துவருகிறது. வாரக்கடைசி வகுப்பின் சான்றிதழ் எவரையும் அந்தப் பதிவேட்டில் சேர்த்துவிடாது. மந்திர சக்தியால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வருகிறவருக்குப் பொய் நினைவுகளை ஊட்டிவிடும் ஆபத்தும், மனநல மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டியவரைத் தாமதப்படுத்தும் ஆபத்தும் இத்தொழிலில் உண்டு. தம்மிடம் சக்தி இல்லை என்று வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டு, அதன் பிறகும் அவர் கட்டணம் தருவாரா என்பதை வைத்து வருமானத்தைக் கணக்கிடச் சொன்னேன். அவர் பயிற்சிக்குப் பணம் கட்டவில்லை; உளவியல் முதுகலைப் படிப்பு பற்றி விசாரித்து வருகிறார்.

ஃபரியாவின் கணக்கு எப்படி முடிந்தது? திருச்சபையினர் அவரைச் சாத்தானின் கூட்டாளி என்றனர். காந்த சிகிச்சையாளர்கள், பாய்பொருளை மறுத்துத் தங்கள் பிழைப்பில் மண் போட்டவர் என்று வெறுத்தனர். மருத்துவர்களுக்கு அவர் வெறும் வித்தைக்காரர். நாளேடுகளுக்கோ அவரது கருநிறமும் உச்சரிப்பும் பாதிரி அங்கியும் சேர்ந்து ஒரு கேலிப்பொருள். எல்லோரிடமும் உண்மை சொன்னவருக்கு ஒருவர்கூடத் துணை இல்லை.

இறுதி அடியைக் கொடுத்தவர் ஒரு நடிகர். வகுப்புக்கு வந்து நாற்காலியில் அமர்ந்து, கட்டளை கேட்டதும் உறங்கிவிட்டதுபோல் நடித்தார். ஃபரியா அவரைச் சுட்டி விளக்கத் தொடங்கியதும் கண்ணைத் திறந்து, உலகத்தையே இப்படித்தான் ஏமாற்றுகிறீரா என்கிற தொனியில் ஏளனம் செய்தார். ஊர் சிரித்தது. 1816-இல் காந்தப் பைத்தியம் என்னும் பொருள்படும் தலைப்பில் அவரைப் பகடி செய்யும் நாடகம் ஒன்று வரியேத்தே அரங்கில் மேடையேறியது. வகுப்புக்கு வந்துகொண்டிருந்த கூட்டம் நாடகத்துக்குப் போனது. உறங்குவது உறங்குகிறவரின் செயலே என்றவரிடம், உறங்க விரும்பாத ஒருவர் உறங்காமல் இருந்தது அவரது கொள்கைக்குச் சான்றே அன்றி மறுப்பல்ல. ஆனால், நுழைவுக் கட்டணம் கொடுத்துப் பார்க்க வந்தவர்களிடம் இந்தத் தருக்கம் எடுபடாது. வித்தைக்காரர் என்று கருதப்பட்டவர் ஒருமுறை தோற்றால் போதும்.

வகுப்புகள் நின்றன. பெண் துறவியர் மடம் ஒன்றில் ஆன்ம குருவாகச் சிறு வருமானத்தில் ஒதுங்கினார். எஞ்சிய காலத்தில் தெளிவுடைய உறக்கத்தின் காரணம் பற்றிய தம் நூலை எழுதினார். தம்மைப் பகடி செய்தவர்களுக்கு அதில் பதில் உண்டு, கசப்பும் உண்டு. நூலை அவர் புய்செகுருக்குக் காணிக்கையாக்கினார். முகப்புப் பக்கத்தில் தம் பெயருடன் இறையியல் முனைவர் என்றும், அதற்கு முன்னால் பிராமணர் என்றும் அச்சிட்டுக்கொண்டார். கத்தோலிக்கக் குருவுக்கு அந்த அடைமொழி எதற்கு? கீழை நாட்டு ஞானத்தின் மீது பாரிஸுக்கு இருந்த மயக்கத்தை அவரும் கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டார் என்றே நினைக்கிறேன். தம்மிடம் ஏதுமில்லை என்று சொன்னவராலும் விற்பனை உத்தியை முற்றிலும் கைவிட முடியவில்லை.

நூல் பல பாகங்களாகத் திட்டமிடப்பட்டது. முதல் பாகம் 1819-இல் அச்சானது. அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று பக்கவாதம் தாக்கி ஃபரியா இறந்தார். வயது 63. மற்றப் பாகங்கள் வெளிவரவே இல்லை. மோன்மார்த்ர் இடுகாட்டில் அடையாளமற்ற குழியில் அவரைப் புதைத்தனர்.

பின்பு ஜேம்ஸ் பிரெய்டு என்னும் மருத்துவர் 1840-களில் ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பினார். அதே காலத்தில், 1845-இல், வங்காளத்தின் ஹூக்ளியில் அரசு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் எஸ்டெய்ல், மயக்க மருந்து இல்லாத நாளில் நோயாளிகளைக் காந்த உறக்கத்தில் ஆழ்த்தி அறுவைச் சிகிச்சை செய்தார். மணிக்கணக்கில் நோயாளியின் உடல்மீது கையை வருடியபடி இருந்தவர்கள் அவரது இந்திய உதவியாளர்கள். பெயர் பெற்றவர் எஸ்டெய்ல். அவரோ பாய்பொருளை உறுதியாக நம்பினார். ஈதரும் குளோரோஃபாமும் வந்ததும் அந்த முறை வழக்கொழிந்தது.

ஃபரியாவின் கொள்கைக்கு உயிர் வந்த இடம் பிரான்சின் நான்சி நகரம். அங்கே லியெபோ என்ற எளிய மருத்துவர், தம்மிடம் வரும் ஏழைக் குடியானவர்களிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். மருந்து வேண்டுமென்றால் கட்டணம். அறிதுயில் சிகிச்சை என்றால் இலவசம். ஃபரியா கட்டணம் வாங்கியதால் மோசக்காரர் எனப்பட்டார். லியெபோ வாங்காததால் முட்டாள் எனப்பட்டார். அவரைச் சோதிக்க 1882-இல் வந்த பேராசிரியர் பெர்ன்ஹைம், சீடராகவே மாறினார். உறக்கம் கருத்தூட்டலின் விளைவு என்பதை முதலில் தெளிவுபடுத்தியவர் ஃபரியாவே என்று அவர் எழுதினார். இளம் ஃபிராய்டு 1889-இல் நான்சிக்குச் சென்று இவர்களைச் சந்தித்தார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற போர்ச்சுகீசிய மருத்துவர் ஏகாஸ் மோனிஸ், 1925-இல் ஃபரியாவைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

1945-இல் பனாஜியில், மாண்டவி ஆற்றங்கரையின் பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தின் அருகே ஃபரியாவுக்குச் சிலை வைக்கப்பட்டது. செய்தவர் ராமச்சந்திர பாண்டுரங்க காமத் என்னும் கோவாச் சிற்பி. அங்கி பறக்க நிற்கும் பாதிரியார் இரு கைகளையும் விரித்து நீட்டியிருக்கிறார். அந்தக் கைகளின் கீழே ஒரு பெண் நினைவிழந்து சரிகிறாள். வலிமையான சிற்பம்தான். ஆனால், பார்க்கிறவர் கண் முதலில் போவது அந்தக் கைகளுக்கு. அவற்றில் இருந்து ஏதோ பாய்ந்து அவளை வீழ்த்தியது போலத்தான் தோன்றும். நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, நம் பக்கத்தில் இருந்து வந்திருந்த ஒரு பயணக் குழுவினருக்கு, பாதிரியார் ஒருவர் ஒரு பெண்ணை வசியம் செய்யும் காட்சி இது என்று அவர்களின் வழிகாட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.